படகுப்பாதையில் பதிந்த பாட்டு

முருகன் துணை
மண்டூர்
16.02.2025

அன்புத் தங்கை தவமலருக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அத்தானும் உன் மகள் கம்சாயினியும் கந்தசாமியார் கிருபையில் எழும்பி நடமாடுகிறோம். அத்தானுக்கு முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. உன் உடம்பு எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன கிழமை உனக்குப் பலமுறை போன் எடுத்தோம். மணி போய்க்கொண்டே இருந்தது, நீ எடுக்கவில்லை. எனக்கு அந்தப் போனில் விரலால் எழுத வராது என்று உனக்குத் தெரியும். அதனால் பேனையை எடுத்துவிட்டேன்.

எங்கள் வட்டையில் அறுவடை முடிந்தது. முடிந்தது என்று சொல்லவும் ஒன்றுமில்லை. காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு வெட்டுமெசின் வந்தது, மத்தியானம் நெல் மூட்டையில் இருந்தது. வெட்டுக்காரப் பெண்களுக்கு நான் இருட்டோடு எழும்பிச் சோறு ஆக்கிக் கடகத்தில் வைத்துக் கொண்டுபோனது உனக்கு ஞாபகம் இருக்கும். இந்த முறை மெசின் ஓட்டினவர் கடைச்சோற்றுப் பார்சலை மெசினுக்கு மேலே இருந்தபடியே தின்றுவிட்டுப் போனார். ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. என் வருஷக் கணக்கில் ‘வெட்டுக்காரர் சோறு’ என்று எப்போதும் ஒரு வரி இருக்கும். இம்முறை அதில் ஒரு கோடு இழுத்துவிட்டேன். வேலை குறைந்தது நல்லதுதானே. களைப்புத்தான் ஏனோ குறையவில்லை. வெட்டப் போன பெண்கள் இப்போது விடியவே பெக்டரி பஸ்ஸுக்காகச் சந்தியில் நிற்கிறார்கள்.

அந்த விஷயமாகத்தான் எழுத வந்தேன். திவாகரன் என்று ஒருவர், உங்கள் நெசவாலைக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவர், வீட்டுக்கு வந்தார். தாய் இத்தனை வருஷம் தறியில் நிற்பதால் மகளுக்கு உடனே இடம் கிடைக்குமாம். ஒரே விடுதியில் இருவரும் இருக்கலாமாம். நீ உன் சுப்பவைசரிடம் ஒரு சொல் சொன்னால் போதுமாம். கம்சாயினி உயர்தரச் சோதனை எழுதிவிட்டுப் பெறுபேற்றைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். திவாகரன் படியிறங்கும் முன்னரே, “பெரியம்மா, நான் அம்மாவோட இரிக்கப் போறன்” என்று சட்டைகளை மடிக்கத் தொடங்கிவிட்டாள். தகப்பனைப் பாம்பு தீண்டிக் கொண்டுபோன வருஷம், ஆறு வயதில் நீ என் கையில் விட்டுப்போன பிள்ளை. அவள் கேட்பது பெரிய ஆசை என்று எனக்குத் தோன்றவில்லை.

தான் பாடிய பாட்டொன்றையும் உன் போனுக்கு அனுப்பியிருக்கிறாளாம். கேட்டுப்பார். உன்னைப் போலத்தான், மேலே போகும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
அக்கா சீதேவிப்பிள்ளை


ஆலை விடுதி
கம்பஹா
09.03.2025

அன்பான அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். சாப்பாடும் குறைவில்லை. அத்தானின் முழங்காலுக்கு நொச்சி இலை அவித்து ஒத்தணம் கொடுங்கள். பதில் எழுதப் பிந்திவிட்டது. இரவு முறை வேலை, பகலில் படுத்தால் எழும்புவதே பாடாக இருக்கிறது.

போன் எடுக்க வேண்டாம் அக்கா. அதன் ஸ்பீக்கர் பழுதாகிவிட்டது. நீங்கள் எழுதுங்கள். கடிதம் என்றால் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். உங்கள் எழுத்து இப்போது நன்றாக உருண்டு வருகிறது. பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவரின் எழுத்து என்று இங்கே சொன்னால் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை.

பிள்ளையின் பாட்டுக் கேட்டேன். நன்றாக இருக்கிறது. அடுத்த முறை பாடும்போது வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முகம் கிட்டத் தெரிய வேண்டும்.

கழிவுத் துணி கொஞ்சம் தந்தார்கள், பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். தலையணை உறைக்கு ஆகும்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.
தவமலர்


முருகன் துணை
மண்டூர்
23.03.2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதமும் துணியும் வந்து சேர்ந்தன. தலையணை உறை தைத்து மிஞ்சியதில் சுவாமி அறைக்குத் திரையும் தைத்துவிட்டேன். ஒரு துண்டும் வீண் போகவில்லை. அத்தானுக்கு ஒத்தணம் கொடுத்தேன், அன்றைக்கு மட்டும் சுகம்.

எல்லாம் எழுதினாய். பிள்ளையின் வேலையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. மறந்துவிட்டாயா, இல்லை உன் சுப்பவைசரிடம் கேட்கத் தயக்கமா? திவாகரன் கோயில் வாசலில் என்னைக் கண்டு மறுபடியும் கேட்டார். சாமி கும்பிட விடாமல் கேட்கிற மனிசன்.

ஸ்பீக்கர் பழுதான போனில் பாட்டு மட்டும் எப்படிக் கேட்டதாம் என்று கம்சாயினி கேட்கிறாள். பெரிய ஆட்களை அப்படிக் குறுக்கு விசாரணை செய்யாதே என்று அதட்டிவிட்டேன். வீடியோவுக்கு அவள் சம்மதிக்கவில்லை. “முகத்தை எடுத்தா எனக்குப் பாட்டு வராது பெரியம்மா, சிரிப்புத்தான் வரும்” என்கிறாள். சித்திரை வருஷப்பிறப்புக்கு நீ வருவாய்தானே, அப்போது முன்னுக்கு இருந்து பார்த்துக்கொள்.

இந்த முறை வருஷத்து ஊஞ்சல் கட்டுவதற்குத்தான் ஆள் குறைவு. பாட்டுப் படிக்கிற பிள்ளைகள் பாதிப் பேர் பெக்டரியில். லீவு கிடைத்த பிள்ளைகள் வந்து அன்று முழுவதும் நித்திரை கொள்ளுதுகள். அதுகளைக் குறை சொல்லவும் ஏலாது.

பதில் எழுது. வேலை விஷயத்தை எழுது.
அக்கா


ஆலை விடுதி
கம்பஹா
20.04.2025

அன்பான அக்காவுக்கு,

வருஷத்துக்கு வர முடியவில்லை, கோபிக்க வேண்டாம். எல்லோரும் ஊருக்குப் போனால் தறியை யார் பார்ப்பது என்று என்னை நிறுத்திவிட்டார்கள். மருத்துநீர் இல்லாமல்தான் தலையில் வார்த்தேன். கைவிசேஷக் காசு இல்லை, பலகாரம் இல்லை. விடுதியில் நாலு பேர், ஆளாளுக்கு மூலையில் படுத்திருந்தோம்.

வேலை விஷயம். பிள்ளை இங்கே வேண்டாம் அக்கா. ஊரோடு ஏதாவது பார்க்கட்டும். இங்கே வெக்கை. எந்த நேரமும் பஞ்சு பறக்கும். அவளுக்குச் சளி பிடிக்கும். வேறொன்றும் இல்லை. தறிச் சத்தமெல்லாம் முன்னைப்போல் இல்லை, இப்போது மழை பெய்கிற மாதிரித்தான். ஆனால் வேண்டாம்.

அவளுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். என் மேல் மனம் நோகாமல் சொல்லுங்கள்.

முருகனிடம் எனக்கும் சேர்த்து ஒரு கற்பூரம் கொளுத்துங்கள்.
தவமலர்


முருகன் துணை
மண்டூர்
04.05.2025

தங்கைக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். கற்பூரம் கொளுத்தினேன்.

பெறுபேறு வந்துவிட்டது. சோதனை சித்தி, ஆனால் கம்பஸ் படிப்புக்குப் புள்ளி காணாது. பிள்ளை ஒரு நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். மறுநாள் தலை முழுகிக் கோயிலுக்குப் போய் வந்து, “இனி அம்மாட்டப் போறதுதான்” என்றாள். உன் கடிதத்தை நான் அவளுக்கு வாசித்துக் காட்டத்தான் வேண்டியிருந்தது.

அவளுக்கு எப்போது சளி பிடித்தது தவமலர்? நான் வளர்த்த பிள்ளை. மாரி வெள்ளத்தில் நனைந்து பள்ளிக்கூடம் போய்வந்து ஒரு தும்மல் தும்மாதவள். வெக்கை என்றால் இங்கே மட்டும் என்ன பனியா கொட்டுகிறது? பஞ்சு உனக்குப் பறக்காமல் அவளுக்கு மட்டும் பறக்குமா?

எழுதுவதற்குக் கை கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். ஊரில் கதைக்கிறார்கள். அங்கே உனக்கு வேறொரு குடும்பம் இருக்கிறதாம், அதனால்தான் வருஷத்துக்கும் வருவதில்லையாம், மகளைக் கிட்ட எடுக்கவும் விருப்பமில்லையாம். துறையடியில் ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள். நான் அவளிடம் வாங்கிய மீனைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டு வந்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்தேன். அப்படி ஒன்று இருந்தாலும் எனக்குச் சொல்லு. நான் உன்னைக் கடிந்துகொள்ளப் போவதில்லை. எனக்கு இனிக் கோபிக்கவும் பெலன் இல்லை.

கம்சாயினி கேட்டது இதுதான்: “அம்மா வேண்டாம் எண்டது வேலையையா, என்னையா?”

அவள் திவாகரனிடம் பெயர் கொடுத்துவிட்டாள். ஆடி பிறக்கும் முன்னர் ஏற்றிப்போக வான் வருமாம்.

அக்கா


முருகன் துணை
மண்டூர்
08.06.2025

தங்கைக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. போன கடிதத்தில் நான் எழுதியது உன்னைச் சுட்டுவிட்டதோ என்று நினைத்து நினைத்து வெள்ளி விரதத்தில்கூட மனம் நிற்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்குக்குப் பக்கத்து வளவு நிருஷா உங்கள் ஆலையில் லீவு கேட்டு வந்திருக்கிறாள். உன்னைப் பற்றிக் கேட்டேன். “மாமி சுகம்” என்றாள், உடனே தண்ணீர் அள்ளப் போய்விட்டாள்.

கம்சாயினி நேற்றும் உனக்கு ஒரு பாட்டு அனுப்பினாளாம். அதற்காவது ஒரு வார்த்தை எழுது.

அக்கா


ஆலை விடுதி
கம்பஹா
15.06.2025

அன்பான அக்காவுக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம். வேறு குடும்பமும் இல்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தறி விட்டால் கட்டில், கட்டில் விட்டால் தறி. இதற்குள் எந்த மனிசன் வந்து நிற்பான் அக்கா?

பிள்ளை அனுப்பிய பாட்டை வேலைக்குப் போகும் முன்னர் கேட்டேன். வந்த பிறகும் கேட்டேன். என்ன அருமையான குரல். நடுவில் ஒரு இடத்தில் மெல்ல இறக்கி எடுத்தாள், எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கும் போட்டுக் காட்டினேன், அவளும் நல்லாயிருக்கு என்று தலையை ஆட்டினாள். திருவிழாவில் அவளைச் சந்நிதியில் பாட விட வேண்டும்.

அக்கா, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஆவணித் திருவிழாவுக்கு நான் எப்படியும் வருவேன். அதுவரை பிள்ளையை வானில் ஏற்ற வேண்டாம். வந்து நேரில் சொல்கிறேன்.

அவளுக்கு என் முத்தங்கள்.
தவமலர்


முருகன் துணை
மண்டூர்
22.06.2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நான் முற்றத்தில் கோயிலுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தேன். கையில் வாழைநார் என்பதால் கம்சாயினியை வாசிக்கச் சொன்னேன். கட்டிலும் தறியும் என்ற இடத்தில் நானும் சிரித்தேன். பாட்டு நன்றாயிருக்கிறது என்ற இடம் வந்ததும் அவளுக்கு முகமெல்லாம் பூவாகிவிட்டது. நடுவில் மெல்ல இறக்கி எடுத்தாள் என்று எழுதியிருந்தாயே, அதை வாசித்துவிட்டு, “எந்தப் பாட்டைச் சொல்றா?” என்று போனை எடுத்துப் பார்த்தாள்.

பிறகு அதை எனக்குப் போட்டுக் காட்டினாள்.

அது பாட்டில்லை தவமலர். அன்றைக்கு அவள் களுவாஞ்சிகுடிக்குப் போக, துறையில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் மெசின் பூட்டிய படகுப்பாதையில் ஏறி நின்றிருக்கிறாள். கையிலே கிடந்த போன் எப்படியோ அமுங்கி, பாதையின் மெசின் சத்தம் பதிந்து, உனக்குப் போய்விட்டது. இடையில் யாரோ இரண்டு பேர் நண்டு பற்றிக் கதைக்கிறார்கள். வேறொன்றும் இல்லை. பாட்டை அனுப்பியதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் முதலில் சிரித்தாள். “அம்மா கேக்காமலே புளுகிறா பெரியம்மா” என்றாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். போனில் மெசின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிற்பாட்ட எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

நான் கட்டிய மாலையை அப்படியே வைத்துவிட்டு வேலியடிக்குப் போய் நிருஷாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உன் தலையில் அவள் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாயாம். அம்மனுக்கு நேர்ந்து சத்தியத்தை நான் கழித்துவிடுகிறேன், சொல்லு என்றேன். சொன்னாள்.

“தறிச் செட்டுக்குள்ள ஒருத்தருக்கும் ஒண்டும் கேக்காது பெரியமாமி. ஆள் ஆளின்ட வாயைப் பாத்துத்தான் கதைப்பம். வெளியில வந்தாப் புறகு எங்களுக்குக் கேக்கும். மாமிக்கு வெளியிலயும் அப்பிடித்தான்.”

நான் உன்னிடம் ஒன்றும் கேட்கப் போவதில்லை. நீ சொல்லும்போது சொல்லு. ஆனால் இன்னொன்றையும் மறைக்க ஏலாது. நீ வேண்டாம் என்று எழுதியபோது வந்த பிடிவாதத்தைவிட இப்போதுதான் அவளுக்குப் பிடிவாதம் கூட. “நான் போய் அம்மாவோட நிக்கிறன், அவவுக்கு ஆரு இரிக்கா?” என்கிறாள். நான் அவளுடைய அடையாள அட்டையை எடுத்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். சாமி படத்தில் கைவைக்க மாட்டாள் என்ற நம்பிக்கைதான். வான் அடுத்த மாதம் பத்தாம் திகதி.

நேரத்துக்குச் சாப்பிடு. மருந்து ஏதும் எடுக்கிறாயா என்பதையாவது எழுது.
அக்கா


ஆலை விடுதி
கம்பஹா
03.07.2025

அன்பான அக்காவுக்கு,

சுகம்தான். மருந்துக்கு ஒரு டொக்டரிடம் காட்டினேன். இனிமேல் மருந்து இல்லை என்று தாளில் எழுதிக் காட்டினார். நல்ல மனிசன்.

இங்கே வந்த புதிதில் நான் பாடுவேன் அக்கா. உங்களுக்கு எழுதியதில்லை. தறிக்கு ஒரு தாளம் இருக்கிறது, நாடா அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வரும்போது. அதற்குச் சேர்த்துச் சத்தமாகப் பாடுவேன். வாய் நிறையப் பாடினாலும் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது. எனக்கே கேட்காது, தொண்டையில் அதிரும், அவ்வளவுதான். காதுக்கு வைக்க ஒரு சாமான் தந்தார்கள். வெக்கைக்கு அது வியர்த்து வழியும், தறியில் நூல் அறுந்தாலும் தெரியாது. நூல் அறுந்ததைக் காணாவிட்டால் ஏச்சு. ஆகவே கழற்றி வைத்தோம். எல்லோரும் கழற்றித்தான் வைத்தோம்.

அந்தக் கூடத்தில் எந்த மூலையில் யார் வாயை அசைத்தாலும் எனக்கு விளங்கும். அதனால் புதுப் பிள்ளைகளைப் பழக்கும் வேலையை என்னிடம் தந்திருக்கிறார்கள். வருகிற பிள்ளைகள் முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டு அழும். நான் கையை எடுத்துவிடுவேன். கை இரண்டும் தறிக்கு வேண்டும்.

திவாகரன் கொண்டுவருகிற பிள்ளைகள் எல்லாம் என்னிடம்தான் வரும். கம்சாயினி வந்தால் அவளுடைய கையையும் காதிலிருந்து நான்தான் எடுத்துவிட வேண்டும். என்னால் ஏலாது அக்கா. அதற்குத்தான் வேண்டாம் என்றேன். அவளை வேண்டாம் என்று சொல்வேனா?

அடையாள அட்டை அங்கேயே இருக்கட்டும்.

நண்டு என்று எழுதியிருந்தீர்கள். யார் கதைத்தது? என்ன சொன்னார்கள்?

தவமலர்


மண்டூர்
12.07.2025

என் அம்மாவுக்கு,

மகள் எழுதுவது. நான் சுகம், பெரியம்மா பெரியப்பா சுகம். உங்களுக்கு இதற்கு முன்னர் கடிதம் எழுதாததற்கு மன்னிக்கவும். பாடி அனுப்பினால் போதும் என்று இருந்துவிட்டேன்.

வான் வந்து போய்விட்டது. நான் ஏறவில்லை. அடையாள அட்டை எங்கே இருக்கிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும். எடுக்கவில்லை. உங்கள் கடிதத்தை வாசித்தபின் எடுக்க முடியவில்லை.

களுவாஞ்சிகுடியில் ஒரு தையல் பெக்டரியில் சேர்ந்திருக்கிறேன். காலையில் பாதையில் அந்தப் பக்கம், பின்னேரம் பாதையில் இந்தப் பக்கம். முதுகு நோகிறது, நாள் முழுக்க ஒரே சட்டைக் கொலர்தான். ஆனால் ரேடியோ போடுவார்கள், பக்கத்தில் இருப்பவளோடு கதைக்கலாம், அவள் சொல்வது எனக்குக் கேட்கிறது. நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பயப்படாதீர்கள்.

நீங்கள் கேட்டது. பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு எழுதுகிறேன். முதலில் மெசின் சத்தம், டக டக என்று. அப்புறம் நண்டுக்காரர் சொல்கிறார்: “மச்சான், உசிரோட இரிக்கி, எடு.” பாதைக்காரர்: “உசிரோட இரிக்கிற நண்டு ஏன்டாப்பா இப்பிடி மணக்குது?” நண்டுக்காரர்: “அது நண்டில்ல, உன்ட மெசின்.” யாரோ பெண்கள் சிரிக்கிறார்கள். ஒரு ஆடும் கத்துகிறது. அவ்வளவுதான் அம்மா. பிறகு கரை வரும்வரை மெசின்.

திருவிழாவுக்கு வாருங்கள். நான் முகத்தை மூடாமல் பாடுவேன்.

உங்கள் மகள்
கம்சாயினி


முருகன் துணை
மண்டூர்
10.09.2025

அன்புத் தங்கைக்கு,

இந்தக் கடிதத்துக்கு முத்திரை தேவையில்லை. நீ அடுத்த அறையில் இருக்கிறாய். தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிறேன். உன் சுகத்தை விசாரிக்கத் தேவையில்லை, இரவில் நீ புரண்டு படுப்பது எனக்குக் கேட்கிறது.

பேசலாம்தான். ஆனால் என் வாயைப் பார்த்து நீ விளங்கிக்கொள்ள நான் மெல்ல மெல்லப் பேச வேண்டும், அவசரப்பட்டுச் சத்தம் போட்டுவிடுகிறேன், பக்கத்து வளவு முழுக்க எங்கள் கதை. சிலதைச் சத்தம் போட்டுச் சொல்ல ஏலாது. எழுத்துத்தான் எனக்குக் கைவந்தது.

தீர்த்தத்துக்கு முதல் நாள் பூசையில் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூசை செய்கிற கப்புகனார் வழமைபோல வாயை வெள்ளைத்துணியால் கட்டிக்கொண்டு திரைக்குள் போனார். மந்திரம் இல்லை, ஒரு சொல் இல்லை. எங்கள் முருகனுக்கு எப்போதும் அப்படித்தானே. சின்ன வயதிலிருந்து கும்பிடுகிறேன், ஏன் வாய் கட்டுகிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. அத்தனை சனமும் வாய் மூடி நின்றது. யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. நீ எனக்கு முன்னமே கையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டாய். அந்த நேரத்தில் உனக்கு ஒரு குறையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. வந்த நாளிலிருந்து விறைத்திருந்த உன் தோள் இறங்கியதை அன்றைக்குத்தான் கண்டேன்.

அதற்குப் பிறகு பின்னேரம் கம்சாயினி பாடினாள். நீ முன்னுக்கு நின்று அவள் முகத்தைப் பார்த்தாய். அவளும் சொன்னதுபோல முகத்தை மூடவில்லை. முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாய், எப்படி என்று. சனத்துக்குள் என்னால் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

தொடங்கும்போது குரல் நடுங்கியது. நாள் முழுக்கக் கொலர் தைத்துவிட்டு வந்த பிள்ளையின் குரல், கொஞ்சம் வறண்டிருந்தது. ஒலிபெருக்கி இரண்டு முறை கூவியது, அவள் நிறுத்தவில்லை. இரண்டாம் அடியில் நடுக்கம் போய்விட்டது. வேலனே என்று வருகிற இடத்தில் நீ முன்னர் மேலே கொண்டுபோய் அறுத்து விடுவாய், அவள் அப்படிச் செய்யவில்லை, மேலே கொண்டுபோய் அங்கேயே கொஞ்சம் வைத்துக்கொண்டு நின்றாள். அரிசி புடைக்கும்போது சுளகைத் தட்டாமல் ஒரு கணம் பிடித்துக்கொண்டு நிற்போமே, அப்படி. அப்புறம் மெல்ல இறக்கினாள். நீ படகுப்பாதைச் சத்தத்துக்கு ஒரு பொய் எழுதினாயே, நடுவில் மெல்ல இறக்கி எடுத்தாள் என்று. அதை அவள் உண்மையாகவே செய்தாள். கடைசி அடியில் குழந்தைகள்கூட ஓடாமல் நின்றார்கள். அத்தான் முழங்காலை மறந்து எழும்பி நின்றார். இவ்வளவுதான் என்னால் எழுத முடிகிறது.

உன் லீவு முடிகிறது. கொழும்பு பஸ்ஸுக்குச் சீட் போடட்டுமா என்று அத்தான் காலையில் கேட்டார். நான் அடுப்பை ஊதிக்கொண்டு இருந்தபடி இருந்துவிட்டேன். உன் பாயை நான் சுருட்டி வைக்கவில்லை. இதைவிட வேறெப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

தேத்தண்ணி ஆறிவிடும், முதலில் குடி.
அக்கா


(அதே தாளின் மறுபக்கத்தில்)

அக்கா,

தேத்தண்ணி குடித்தேன். சீனி கூட.

எனக்குக் காது கேட்பதில்லை. ஒரு காது முன்னரே போய்விட்டது, மற்றது போன மாரியோடு. இதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். எழுதிவிட்டால் முடிந்துவிடும் என்று ஒரு பயம் இருந்தது. பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே பாடினாள், எனக்கு ஒரு சத்தமும் வரவில்லை. நீங்கள் எழுதியதை வாசித்தபோது சுளகு நின்ற இடத்தில் கேட்டது.

விடுதியில் என் பெட்டி ஒன்று கிடக்கிறது. நிருஷா கொண்டுவந்து தருவாள். திரும்பிப் போனால் அடுத்த வானில் வருகிற பிள்ளைகளின் கையை எடுத்துவிட வேண்டும். எனக்குக் களைத்துவிட்டது அக்கா.

சீட் போட வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லிவிடுங்கள். சத்தமாகச் சொல்லத் தேவையில்லை. நான் குசினி யன்னலடியில் நின்று உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தவமலர்